அடிநாதம் தரும் பெட்டி

இளம் அறிவியல் (இயற்பியல்) மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடமாகப் படித்த நண்பர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். மாதவி ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று இளங்கோவடிகள் அளவு கூறுகிறார். தூண்களின் நிழல் அரங்கினுள் விழாதபடி விளக்கு ஏற்ற வேண்டும் என்றும் கூறுகிறார். குழலோன், யாழோன், தண்ணுமையோன் என ஒவ்வொரு கலைஞனுக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கிறார். கலைஞனின் திறமை மட்டும் போதாது. கருவியும் இடமும் அளவோடு அமைந்தால்தான் கலை சிறக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

இன்றைய மெல்லிசை மேடைக்கும் அது பொருந்தும். பேஸ் கிதாருக்கு வேண்டிய ஆம்ப்ளிஃபயரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் மூன்றாண்டுகளாகப் பேஸ் கிதார் வாசிப்பவன் என்ற முறையிலும், இயற்பியல் மாணவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் குழு இதுவரை வாடகைப் பெட்டியிலேயே வாசித்து வந்திருக்கிறது. கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் கிடைத்த சன்மானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, சொந்தமாக ஒன்று வாங்கச் சேமித்திருக்கிறோம். எங்களில் ஒருவர் இரவில் விசைத்தறி ஓட்டிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவர். மற்றொருவர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் ஞாயிறுதோறும் முட்டை அடுக்குபவர். அவர்களுடைய உழைப்பு ஒரு பொருத்தமற்ற பெட்டியில் போய் முடங்கிவிடக் கூடாது.

அடிநாதத்தின் பெருமை

கட்டடத்திற்கு அடித்தளம் போன்றது பாட்டுக்கு அடிநாதம். அடித்தளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது இல்லையேல் மாடி நிற்காது. தம்புராவின் சுருதியும் உருமியின் உறுமலும் பம்பையின் அதிர்வும் காலங்காலமாக நம் இசைக்கு அந்த அடித்தளத்தை அளித்து வந்தன. மெல்லிசையில் அந்தப் பணியைச் செய்வது பேஸ் கிதார்.

மேலைநாட்டில் ஆளுயரப் பிடில் போன்ற டபுள் பேஸ் என்ற கருவியே முன்பு அந்தப் பணியைச் செய்தது. அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. கூட்டத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரெசிஷன் பேஸ் என்ற மின்கருவியை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தார். பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்த இத்தகைய சாதனத்தைத்தான் ‘காம்போ’ என்கிறார்கள். கருவி பிறந்த மறு ஆண்டே அதற்கான பெட்டியும் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்பேஸ் கிதாரின் பலகையைத் தட்டினால் ஓசை எழாது. பெட்டி பேசினால்தான் கருவி பேசும்.

தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்த நமக்குப் பேஸ் கிதார் புதிதன்று. 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா, பேஸ் கிதாரை வெறும் தாளத் துணையாக வைக்காமல், பாட்டின் அடியில் ஓடும் இன்னொரு மெட்டாகவே அமைத்துக் காட்டினார். ஏ.ஆர்.ரகுமானின் இசையில் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் பேஸ் வாசிப்பைக் கேட்காதவர் குறைவு. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் பேசும்படங்களை உருவாக்கிய ஊர் சேலம். இந்த மண்ணில் மேடையேறும் குழுக்கள் ஒலியைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது பொருத்தமே.

மைக் செட் ஏன் போதாது?

“ஊரில்தான் மைக் செட் இருக்கிறதே, அதில் செருகி வாசித்தால் என்ன?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சென்ற ஆண்டு ஒரு கிராமத் திருவிழாவில் எங்களுக்கு அந்த நிலையே ஏற்பட்டது. பேச்சுக்கும் பக்திப் பாட்டுக்கும் கட்டியிருந்த கூம்புக் குழாய்களில்தான் பேஸ் கிதாரையும் இணைத்தார்கள். மேடையில் நான் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிரே அமர்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது ‘டிக் டிக்’ என்ற விரலோசை மட்டுமே.

காரணம் எளியது. நான்கு கம்பிப் பேஸ் கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. அடுத்தவை 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதைவிடப் பேஸ் ஒரு முழு ஸ்தாயி கீழே. கூம்புக் குழாயோ மனிதக் குரல் வெகுதூரம் கேட்க வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. ஆகவே பேஸ் கிதாரின் திறந்த கம்பி நான்குமே அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

சாதாரண கிதார் பெட்டியில் பேஸை இணைப்பதும் தகாது. ஒலியின் அளவு மாறாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். கிதார் ஸ்பீக்கர் அத்தனை தூரம் அசையும்படி செய்யப்படவில்லை. மெல்ல வாசித்தால் தாங்கும்; ஓங்கி வாசித்தால் கூம்பு கிழியும் அல்லது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் உரசிக் கெடும்.

வாட் என்னும் மயக்கம்

கடைக்குச் செல்லும் எவரும் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்றுதான். விற்பவரும் அந்த எண்ணையே முதலில் கூறுவார். இங்கேதான் மயக்கம் பிறக்கிறது.

லாரிக்குப் பாடி கட்டும் தொழிலில் புகழ்பெற்றது நாமக்கல். அந்தப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் எவ்வளவு குதிரைத் திறன் உடையதாயினும், சேஸிஸும் பாடியும் டயரும் சரியில்லையென்றால் லோடு ஊர் போய்ச் சேராது என்பார்கள். ஆம்ப்ளிஃபயரின் வாட் என்பது எஞ்சின். ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் பாடி. எஞ்சினை மட்டும் பார்த்து யாரும் லாரி வாங்குவதில்லை.

கணக்கையும் பார்ப்போம். வாட்டை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ‘சற்றே கூடிற்று’ என்று தோன்றும், அவ்வளவுதான். ஒலி இரு மடங்காயிற்று என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே 50 வாட் பெட்டியைக் கொடுத்து 100 வாட் பெட்டி வாங்குவதால் மட்டும் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது.

இனி ஸ்பீக்கரின் உணர்திறனைக் கவனிப்போம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே அந்த அளவு. ஒன்று 93 டெசிபல், மற்றொன்று 99 டெசிபல் என்று கொள்வோம். வேறுபாடு 6 டெசிபல். அதாவது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். 99 டெசிபல் ஸ்பீக்கரை 50 வாட்டில் இயக்கினால் வரும் ஒலியை, 93 டெசிபல் ஸ்பீக்கர் தர 200 வாட் தேவை. விளம்பரத் தாளில் வாட் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண் இருந்தால் சிறிய எழுத்தில் இருக்கும். தேடிப் படிக்க வேண்டியது இதைத்தான்.

நம் செவியின் இயல்பும் இதில் சேருகிறது. தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் காது மந்தமானது. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டனர். ஒலி குறையக் குறைய இந்த மந்தமும் கூடும். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பேஸ் மெலிந்து கேட்பதும், அதே அமைப்பை மேடையில் உயர்த்தியதும் இரைச்சலாய்க் குமுறுவதும் இதனால்தான். வீட்டில் திருகி வைத்த குமிழ் அமைப்பு மேடைக்கு உதவாது.

ஸ்பீக்கரும் பெட்டியும்

பேஸ் பெட்டிகளில் 8, 10, 12, 15 அங்குல ஸ்பீக்கர்கள் வருகின்றன. வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிட்டால் 8 அங்குலத்திற்கு ஏறத்தாழ 50 சதுர அங்குலம், பத்துக்கு 78, பன்னிரண்டுக்கு 113, பதினைந்துக்கு 177 வரும். தாழ்ந்த ஒலிக்குக் காற்றைப் பெருமளவில் தள்ள வேண்டும். ஆதலால் பரப்பளவு முக்கியம். இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்தால் 157; ஒரு பதினைந்துக்குச் சற்றே குறைவு. நான்கு சேர்ந்தால் 314, பதினைந்தை மிஞ்சிவிடும். பத்து அங்குலம் தாழ்ஒலிக்கு ஆகாது என்று பலர் கூறுவது முழு உண்மையன்று. ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட 300 வாட் எஸ்.வி.டி. என்னும் பெருங்கருவிக்கு அமைந்த பெட்டியில் இருந்தவை எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்களே.

பெட்டியின் வேலை என்ன? கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அழியாமல் காக்கும் சுவரே பெட்டி. சில பெட்டிகள் முழுவதும் மூடியவை. சிலவற்றில் முன்புறமோ பின்புறமோ ஒரு துளை அல்லது குழாய் இருக்கும். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுரம் எழுகிறதல்லவா? ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய அந்த ஒத்ததிர்வே இங்கும் பயன்படுகிறது. துளையுள்ள பெட்டி குறிப்பிட்ட தாழ்ந்த சுரங்களுக்கு வலுவூட்டும். அதற்கும் கீழே ஒலி விரைந்து குறைந்துவிடும். மூடிய பெட்டி அத்துணை முழங்காது. ஆனால் ஒவ்வொரு சுரமும் கட்டுக்கோப்பாக ஒலிக்கும்.

ஒரு விதியை மனத்தில் கொள்ள வேண்டும். சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த ஒலி, குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். “கையடக்கப் பெட்டி, இடிபோல் பேஸ், மின்சாரமும் குறைவு” என்று ஒருவர் விற்க வந்தால் அங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள்.

41 ஹெர்ட்ஸ் அப்படியே வெளிவரவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. ஒரு கம்பி அதிரும்போது 82, 123 ஹெர்ட்ஸ் என மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. அவற்றைக் கேட்ட மூளை, அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சிறிய பெட்டியிலும் பேஸ் கேட்பதன் இரகசியம் இதுவே.

எதற்கு எது?

வீட்டில் பழகுவதற்கு மட்டும் என்றால் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கருடன் 25 முதல் 40 வாட் போதும். காதணி ஸ்பீக்கர் செருகும் துளை இருந்தால் நலம். தேர்வுக் காலத்தில் வீட்டாரும் விடுதி நண்பர்களும் வாழ்த்துவர்.

டிரம்ஸ் இல்லாமல் தபலா, கீபோர்டு, இரண்டு பாடகர் என்ற அளவில் சிறு மண்டபத்தில் வாசிக்க, 12 அங்குலமும் 100 வாட்டும் பொருந்தும்.

டிரம்ஸுடன் கூடிய முழுக் குழுவுக்கு 200 வாட்டுக்குக் குறையாமலும், ஒரு 15 அல்லது இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுடனும் பார்ப்பது நல்லது. டிரம்ஸ்காரர் கட்டையை ஓங்கினால் அவருக்கு வாட் கணக்கே இல்லை; நமக்கு உண்டு.

திறந்தவெளித் திருவிழாவுக்கு எத்தனை பெரிய காம்போவும் போதாது. அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். கூட்டத்திற்குக் கொண்டு சேர்ப்பது வாடகைக்கு வரும் பெரிய ஸ்பீக்கர் அமைப்பின் வேலை. மேடையில் இருப்போர் கேட்பதற்கே நம் பெட்டி. ஆதலால் ‘டி.ஐ.’ என்று குறிக்கப்பட்ட வெளியீட்டுத் துளை பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். அதிலிருந்து மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கம்பியில் மிக்ஸருக்கு ஒலியை அனுப்பலாம். ஒரே ஒலி இரு கம்பிகளில் எதிர்எதிராகச் செல்வதால், வழியில் புகும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடுகிறது. நூறடிக் கம்பியானாலும் அச்சமில்லை. ஊரையே அதிரவைக்கும் பெட்டியைத் தேடிப் பணத்தைக் கரைப்பதைவிட, இந்தத் துளையுள்ள நடுத்தரப் பெட்டியே மேல் என்பது என் கருத்து.

எடையையும் மறக்கலாகாது. பழைய பாணிப் பதினைந்து அங்குலக் காம்போவைத் தூக்க இருவர் வேண்டும். ராசிபுரத்திலிருந்து சேலத்திற்கு டவுன் பஸ்ஸில் அதை ஏற்றினால் நடத்துநர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்! ‘கிளாஸ் டி’ என்னும் புதிய மின்சுற்றும் நியோடிமியம் காந்தமும் வந்தபின் எடை வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கரும் 500 வாட்டும் கொண்ட ஃபெண்டர் ரம்பிள் 500 ஏறத்தாழ 17 கிலோதான். ஒருவரே தூக்கலாம்.

வாங்கும்போது

கடைக்குத் தம் சொந்தக் கிதாரையே எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தி, தடித்த கம்பியை மேடையில் வாசிக்கும் வலுவோடு தட்ட வேண்டும். பெட்டியின் பலகையோ கம்பி வலையோ நடுங்கி ஓசை எழுப்புகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு முப்பதடி தள்ளி நின்று கேட்க வேண்டும். பெட்டிக்கு அருகில் நின்றால் பாதிக் கதைதான் தெரியும். பத்து நிமிடமாவது தொடர்ந்து வாசித்துச் சூடேறிய பின்னும் ஒலி மாறாதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய பெட்டி வாங்குவோர் மேலும் சில சோதனைகள் செய்யலாம். கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மிக மெல்ல அழுத்தினால் ஓசையின்றி உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ‘சரசர’ என்றால் சுருள் உரசுகிறது. குமிழ்களைத் திருகும்போது கரகரப்பது பெரும்பாலும் தூசியால். அதற்காக அஞ்ச வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஸ்பீக்கர் மாற்றப்பட்டிருந்தால் அதன் ஓம் அளவைக் கேட்க வேண்டும். ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதிய பெருக்கியில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பாகச் சேர்க்கலாம். 4 ஓம் கிடைக்கும். 8 ஓமுடன் 4 ஓமைச் சேர்த்தால் 2.67 ஓம், பெருக்கி சூடாகிக் கெடும். முதலாண்டு மின்னியல் பாடம் இங்கே பணத்தைக் காப்பாற்றுகிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியாயின், பின்புறம் எழுதியுள்ள மின்அழுத்தத்தைப் படிக்காமல் செருகக் கூடாது. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் அது புகையாகப் போய்விடும்.

மேடையில்

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒரு குமிழே. சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ஒலி கூடும்; மூலையில் வைத்தால் மேலும் கூடும். சிமெண்டுத் தரையுள்ள நம் கலையரங்கில் ஒலி மெலிந்தால் சுவரோரம் தள்ளலாம். ஊர்த் திருவிழாக்களில் டிரம்மின் மேல் பலகை பரப்பிப் போடும் மேடையோ தானே ஒரு பெரிய மேளம். அதன் மேல் பெட்டியை வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே குமுறலாகிவிடும். உறுதியான நாற்காலியின் மேலோ இரு செங்கல் அடுக்குகளின் மேலோ உயர்த்தி வைத்தால் குமுறல் அடங்கும். சற்றே சாய்த்து வைத்தால் ஒலி நம் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும்.

வாசிப்பவர் தம் ஒலி கேட்கவில்லை என்றதும் தாழ்ஒலிக் குமிழை முழுவதும் திருகுவது வழக்கம். அது தீர்வன்று. 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் டிரம்ஸின் பெரிய கட்டை ஏற்கெனவே குடியிருக்கிறது. இரண்டும் மோதினால் இரண்டும் தெளிவிழக்கும். தாழ்ஒலியைச் சற்றுக் குறைத்து, 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுஒலியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். தனியே கேட்டால் மூக்கடைத்ததுபோல் இருக்கும். குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் எழுத்துக் கூட்டிப் படித்தாற்போல் கேட்கும்.

‘கெயின்’ குமிழை, மிக வலுவாகத் தட்டும்போது ஒலி சிதையத் தொடங்கும் இடம்வரை உயர்த்திச் சிறிது பின்வாங்க வேண்டும். பின்னரே ‘மாஸ்டர்’ குமிழால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். பேட்டரி உள்ள கிதாராயின், பெட்டியில் ‘ஆக்டிவ்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தலாம். நம் சித்திரை வெயிலில் பெட்டியை வெயில் படும்படி வைத்தால், வெப்பக் காப்புச் சுற்று பாட்டின் நடுவே அதை நிறுத்திவிடவும் கூடும். பின்புறம் ஒரு சாண் இடமாவது காற்றுக்கு விட வேண்டும்.

உயிர் காக்கும் கம்பி

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிதார் கம்பிகள் பெட்டியின் எர்த்தோடு இணைந்தவை. பாடகரின் மைக்கோ மிக்ஸரின் எர்த்தோடு இணைந்தது. இவ்விரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து மின்சாரம் பெற்று, அவற்றுள் ஒன்றில் எர்த் இல்லாமல் கசிவும் இருந்தால், கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு படுபவரின் உடல்தான் மின்சாரத்திற்கு வழி. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். முன்னர்க் கூறிய அதே திருவிழாவில் எங்கள் பாடகருக்கும் உதட்டில் ‘சுரீர்’ என்றது. பார்த்தால், மேடை மின்பலகையில் மூன்றாவது கம்பி இணைக்கப்படவே இல்லை. இறைவன் அருளால் அத்துடன் போயிற்று.

ஆகவே நாங்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். பெட்டி, மிக்ஸர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம். மூன்று முனைப் பிளக்கின் தடித்த எர்த் முனையை எக்காரணத்தாலும் நீக்குவதில்லை. இரைச்சலை நீக்க வேண்டுமானால் டி.ஐ. துளைக்கு அருகிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தான் உண்டு. அது ஒலிக் கம்பியை மட்டுமே பிரிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய மின்பலகை ஒன்றை நாங்களே எடுத்துச் செல்கிறோம். ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் பெட்டியை அணைத்து வைக்கிறோம். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் யாரும் மேடையேறுவதில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் எழும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலும் இசையும் அவ்வளவு நெருக்கம். கச்சேரி தொடங்குமுன் எல்லாரும் கை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்டால், அடியில் ஓடும் ‘ம்ம்ம்’ ஒலி எர்த் சரியில்லை என்று எச்சரிக்கவும் கூடும்.

பிறர் நலம்

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; சிறப்பு விழாக்களுக்கு அரசு அனுமதிக்கும் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு உண்டு. தாழ்ஒலி சுவரையும் கதவையும் எளிதில் ஊடுருவும். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். ஒரு செங்கல் சுவர் அதற்கு எம்மாத்திரம்? பாட்டுக் கேட்காத தொலைவிலுள்ள நோயாளிக்கும் பேஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நம் காதையும் காக்க வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பின் எல்லை என்றால், கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரமே மிஞ்சும். பஞ்சுக்குப் பதில் முறையான காதடைப்பான் வாங்குவது பெருஞ்செலவன்று.

முடிவுரை

சுருங்கக் கூறின், வாட்டை மட்டும் பார்த்து மயங்காமல் ஸ்பீக்கரின் உணர்திறன், பரப்பளவு, பெட்டியின் அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மேடைக்கு நம் பெட்டி, கூட்டத்திற்கு வாடகை ஸ்பீக்கர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு, டி.ஐ. துளையை வற்புறுத்த வேண்டும். எர்த் இல்லாத மேடையில், எவ்வளவு சன்மானம் தந்தாலும், செருகக் கூடாது.

இக்கணக்குகளின்படி எங்கள் குழு இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி ஒன்றை வாங்க முடிவு செய்துள்ளது. அது எங்கள் நால்வருடைய சொத்தாக மட்டும் இருக்கக் கூடாது என்பது எங்கள் விருப்பம். நாங்கள் படிப்பு முடித்துச் செல்லும்போது கல்லூரி நுண்கலை மன்றத்திற்கே அதை விட்டுச் செல்ல எண்ணியுள்ளோம். அடுத்து வரும் தம்பி தங்கையர் வாடகைக்கு அலையாமல் பழகட்டும். கலையரங்க மேடையின் மின்பலகைக்கு முறையான எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் அமைத்துத் தருமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்பீக்கரின் விலைகூட இராது.